எண்ணூற்று நாற்பது கிராமுக்கு ஒரு சீட்டு

வெளிநாட்டுப் பயணக் கட்டுரை எழுத வேண்டும் என்பது எனக்கு நாற்பது வருட ஆசை. பாஸ்போர்ட் இல்லை என்பது ஒன்றுதான் குறை. ஆகவே இந்தக் கட்டுரையில் இரண்டு பயணிகள் வருகிறார்கள். முதல் பயணியின் எடை எண்ணூற்று நாற்பது கிராம். கடல் தாண்டிப் போய், அங்கிருந்து ராக்கெட் ஏறி, இப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை உலகத்தைச் சுற்றிவருவதாகக் கேள்வி. இரண்டாவது பயணியின் எடை எழுபத்தெட்டு கிலோ. அவர் பாளையங்கோட்டையிலிருந்து புன்னக்காயல் வரை போனார். உலகத்தை ஐந்து தடவை சுற்றுகிற நேரம் அதற்கு ஆனது. அந்த இரண்டாவது ஆள்தான் இதை எழுதுகிறேன்.

சின்னப் பயணியை முதலில் அறிமுகம் செய்துவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நூலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே இயற்பியல் சொல்லித்தரும் ஜெபமணி மேடமும் அவருடைய மாணவிகளும் நான்கு வருடம் உழைத்து ஒரு செயற்கைக்கோள் செய்தார்கள். ஒரு கிலோ அல்வாவுக்குக் கடையில் கட்டித் தருகிற அட்டைப்பெட்டியைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். பெயர் அயிரை. தாமிரபரணி மீன்களிலேயே சிறியது என்பதால் அந்தப் பெயர்.

2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் செல்போன் கோபுரங்கள் செத்துப்போய், மேலே ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல வழியில்லாமல் போனது. ஏரலில் மேடத்தின் அக்கா குடும்பம் மாடியில் இரண்டு ராத்திரி இருந்தது. ஏற்கெனவே செய்துகொண்டிருந்த அயிரைக்கு ஒரு வேலை கொடுக்கும் யோசனை அப்போது முளைத்ததுதான். முக்கூடலில் ஒன்று, ஏரலில் ஒன்று, புன்னக்காயலில் ஒன்று என்று ஆற்றங்கரையில் மூன்று பெட்டிகள். அவை நீர்மட்டத்தை அயிரையிடம் சொல்லும். அயிரை பாளையங்கோட்டைக்குச் சொல்லும். ஒரே ஒரு அயிரை ஒரு நாளில் சில தடவைதான் நம் பக்கம் வரும் என்பதால் இது வெள்ளோட்டம்தான். பிழைத்தால் அடுத்தது, அதற்கடுத்தது.

பிழைத்ததா என்பதுதான் கேள்வி. பிப்ரவரி பதினொன்றாம் தேதி புதன்கிழமை அயிரையை ராக்கெட் விண்ணில் இறக்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பதினாறாம் தேதி திங்கட்கிழமை கல்லூரி நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் அயிரையின் குரல் கேட்டால் இரண்டாவது செயற்கைக்கோளுக்கு அனுமதி. கேட்காவிட்டால் அந்த ஆய்வு அறையை ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்புக்கு விட்டுவிடுவதாகத் தீர்மானம் தயாராக இருந்தது.

இதில் என் பங்கு என்ன என்று கேட்கலாம். நிறைய. அயிரையை யாருடைய ராக்கெட்டில் அனுப்புவது என்று இரண்டு வருடத்துக்கு முன் பேச்சு வந்தபோது, கூப்பிடாமலே போய் ஒரு மணி நேரம் பேசியவன் நான்.

முப்பத்தைந்து வருடமாக நான் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். உலகத்தில் எங்கே ராக்கெட் கிளம்பினாலும் தேதி, கிழமை, நேரம், நாடு, அரசா தனியாரா, ஒரு கிலோவை மேலே ஏற்ற என்ன செலவு என்று பத்தி பத்தியாக எழுதுவேன். பழைய பக்கங்களில் ஒரு கிலோவை ஏற்ற ஆன செலவில் பாளையங்கோட்டையில் வீடு வாங்கலாம். ராக்கெட்டின் அடிப்பாகம் திரும்பி வந்து தரையில் நிற்கப் பழகிய பிறகு, அது சின்னக் கார் விலைக்கு இறங்கிவிட்டது. இதையெல்லாம் ஆசிரியர் அறைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அரசு ராக்கெட்டில் மாணவர்களுக்கு அநேகமாக இலவசம், ஆனால் வரிசையில் நிற்க வேண்டும். பெரிய செயற்கைக்கோளுக்கு வசதிப்படும் நாளில்தான் நமக்கும் பயணம். தனியாரிடம் காசைக் கொடுத்தால் எடைக்குச் சீட்டு, சீட்டில் தேதி. தேதி என்ற சொல்லை நான் எப்படி உச்சரித்தேன் என்று மேடம் இன்றும் நடித்துக் காட்டுவார்.

எதிர்த்தது அருணாசலம் அண்ணாச்சி ஒருவர்தான். மகேந்திரகிரி அடிவாரத்தில் அரசின் ராக்கெட் எஞ்சின்களை நிறுத்திவைத்து எரித்துப் பார்ப்பார்களே, அங்கே முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஒரு காது மந்தம். எந்தக் காது என்பதை வாக்குவாதத்தின் போக்கைப் பார்த்து முடிவு செய்வார்.

"தனியார்காரன் வண்டி விடுதான், சரி. யாரு போட்ட ரோட்டுல விடுதான்? அதச் சொல்லும் வே," என்றார் அன்றைக்கு. நான் பதில் சொன்னபோது மந்தக் காதைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் அயிரையைக் குலுக்கியும் சூடேற்றியும் சோதித்துத் தர, பழைய சகாக்களிடம் சொல்லி ஏற்பாடு செய்தவரும் அவர்தான். பழைய மாணவிகள் கொடுத்த பணத்தில் சீட்டு வாங்கினோம். என் பேச்சு வென்றது. வென்ற பேச்சுக்குத்தான் இப்போது சத்தத்தைக் காணோம்.

பதின்மூன்று, வெள்ளிக்கிழமை

புதனிலிருந்து கல்லூரி மாடியில் மாலை வேளைகளில் காது கொடுத்துப் பார்த்தாயிற்று. மாலையில் அயிரை மேற்கே பொதிகை மலைக்குப் பின்னால் தாழ்வாகப் போனது. பக்கத்தில் இரண்டு செல்போன் கோபுரங்களின் இரைச்சல் வேறு. வெளிநாட்டு ரேடியோ ஆர்வலர் இருவருக்கு எழுதிக் கேட்டோம். ஒருவர் பதில் எழுதவில்லை. மற்றவர், உங்கள் ஊரில் இப்போது மாம்பழப் பருவமா என்று கேட்டிருந்தார்.

சீட்டு விற்ற கம்பெனி ஒரு அட்டவணை அனுப்பியிருந்தது. முதல் வாரத்தில் அயிரை நம் தலைக்கு நேராக வருவது ஒரே ஒரு முறை; விடியற்காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு வடக்கே தலைகாட்டத் தொடங்கும். இரைச்சல் இல்லாத, வானம் தரை வரைக்கும் தெரிகிற இடம் வேண்டும். ஆறு கடலில் சேருகிற புன்னக்காயலில் மூன்றாவது பெட்டி இருக்கிறது; அதைப் பார்த்துக்கொள்ளும் சூசை என்ற மீனவருக்கு மொட்டை மாடியும் இருக்கிறது. அங்கே போவதென்று முடிவானது. மாணவிகளுக்கு மாதிரித் தேர்வு. ஆகவே கிளம்பியது மேடம், அண்ணாச்சி, நான்.

அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தது. அதை நம் நேரத்துக்கு மாற்றி, அழகான கையெழுத்தில் எழுதித் தந்தவன் நான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மேடம் சரிபார்த்தார். "தேதி ரெண்டுலயும் பதினாலுதான் சார். நேரமும் அஞ்சரை மணி கூட்டியாச்சு. சரியா இருக்கு," என்றார். என் கையெழுத்தைப் பாராட்டவும் செய்தார்.

அண்ணாச்சியின் வேனில் கிளம்பினோம். ஆன்டெனா, பழைய டி.வி. ஆன்டெனாவின் பெரியப்பா மாதிரி இருக்கும். மரக்கட்டையில் அலுமினியக் கம்பிகள் செருகி அண்ணாச்சியே செய்தது. அது ஜன்னலுக்கு வெளியே முக்கால்வாசி நீட்டிக்கொண்டு வந்தது. ஏரலுக்குக் கொஞ்சம் முன்னால் வேன் பெருமூச்சு விட்டு நின்றது. முப்பத்தோரு வருடம் எஞ்சின் சோதித்தவர் கீழே இறங்கி, மூடியைத் திறந்து, நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏலே," என்றார், எஞ்சினைப் பார்த்து. வேறு சிகிச்சை எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மெக்கானிக், சாமான் தூத்துக்குடியிலிருந்து வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்றார்.

ரோட்டோரம் நின்றோம். தூரத்தில் அரசு பஸ் தெரிந்தது. அண்ணாச்சி உரிமையோடு கையை நீட்டினார். அது எங்களையும் ஆன்டெனாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிற்காமல் போனது.

"டைம் ஆயிருக்கும்," என்றார் அண்ணாச்சி.

"ஆளில்லாமத்தானே போவுது?"

"டைமுக்குப் போவணும்லா வே."

அடுத்து ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்தோம். அது கிளம்பவில்லை. டிரைவர் இறங்கி ஒரு டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எப்பப்பா கிளம்பும்?" என்றேன்.

"ஆள் சேரட்டும் சார். இன்னும் நாலு பேரு."

ஒரு அம்மாள் இரண்டு வாழைத்தாரோடு வந்தார். ஆன்டெனாவைப் பார்த்து, "எந்தக் கேபிளு? ஏரல்ல ஒரு சானலும் தெரியல, அதப் பாருங்க மொதல்ல," என்றார். பிறகு ஒருவர் சேவலோடு வந்தார். சேவல் அலுமினியக் கம்பியில் உட்கார விரும்பியது. முக்கால் மணி நேரம் கழித்து ஆட்டோ நிரம்பிக் கிளம்பி, ஒரு முக்கில் எங்களை இறக்கிவிட்டது. புன்னக்காயல் இன்னும் தள்ளி இருந்தது.

"ஊருக்குள்ள போவாதா?"

"இங்கன வரைக்கும்தான் சார். வீட்டு வாசல்ல இறங்கணும்னா தனி ஆட்டோ, தனி ரேட்டு. சேந்து வந்தா சீப்பு, ஆனா நான் விடுத இடத்துலதான் இறங்கணும்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், நீங்க ஆசிரியர் அறையில ஒரு மணி நேரம் சொன்னது இதத்தானே?" என்றார்.

இதைத்தான். பெரிய ராக்கெட்டில் பலரோடு இடம் பகிர்ந்தால் கிலோ விலை மலிவு, ஆனால் அது இறக்கிவிடும் பாதையில்தான் சுற்ற வேண்டும். சின்ன ராக்கெட்டைத் தனியாகப் பிடித்தால் நாம் கேட்கும் பாதை, கிலோ விலை பல மடங்கு. இதற்கு நான் இரண்டு வரைபடங்களும் ஒரு கரும்பலகையும் பயன்படுத்தியிருந்தேன்.

"ஆட்டோக்காரன் ஒரு நிமிசத்துல சொல்லிட்டான்," என்றார் அண்ணாச்சி. நல்ல காதால்தான் கேட்டிருக்கிறார்.

மீதி வழியை ஆன்டெனாவைத் தோளில் சுமந்து நடந்தோம். ஒரு நாய் எங்களைக் கடைசி வரை நம்பவில்லை.

சூசை ஐம்பது வயதுக்காரர், சொந்தப் படகு வைத்திருக்கிறார். அவர் மனைவி மரியம்மாள் நாங்கள் வருவது தெரிந்து மீன் குழம்பு வைத்திருந்தார். நான் சைவம் என்று தெரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. உள்ளே போய்ச் சிறிது நேரத்தில் ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

"மீன எல்லாம் எடுத்துட்டேன் சார். இப்போ சைவந்தான்."

மோரும் ஊறுகாயும் போதும் என்றேன். குழம்பின் மணம் பற்றிப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. அது சைவர்கள் படிப்பதற்கல்ல.

சாப்பிடும்போது சூசை ஒரு கேள்வி கேட்டார். "எங்க போட்டுல ஜிபிஎஸ் வச்சிருக்கோம். அதுவும் மேல சுத்துததுதானே? அதுக்கு நாங்க காசு கொடுக்கதில்லையே. யாரு கொடுக்கா?"

"அரசாங்கம்! நம்ம நாட்டுதும் இருக்கு, வெளிநாட்டுதும் இருக்கு. எல்லாம் அரசாங்கம்!" என்று அண்ணாச்சி இலையிலிருந்து கையை எடுத்துக் கூவினார். "கேட்டீரா வே? கடலுக்குப் போறவனுக்கு வழி காட்டுததுக்கு எந்த முதலாளியாவது கிலோக் கணக்குப் பாக்காம ராக்கெட் விடுவானா?"

அந்த முதலாளிகள் வந்த பிறகுதான் எண்ணூற்று நாற்பது கிராம்காரர்களெல்லாம் மேலே போக முடிகிறது என்றேன். அவர் சொன்ன அரசுச் சேவை பழையது, என் சீட்டு புதியது, இரண்டும் உண்மை. மேடம் இரண்டு பேரையும் பார்த்து, "மொதல்ல அது சத்தம் போடட்டும். அப்புறம் யாரு பிள்ளைன்னு சண்ட போடலாம்," என்றார்.

பதினான்கு, சனிக்கிழமை

நாலரைக்கெல்லாம் மாடியில் இருந்தோம். கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று. அயிரையின் அழைப்பு எப்படி இருக்கும் என்று மாணவிகள் எனக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள்: ஐந்து குட்டைச் சத்தம், ஒரு நீட்டு. ஐந்து குறில், ஒரு நெடில் என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன். கைக்கு அடக்கமான ரிசீவர் போதும், கேட்டாலே தெரியும்.

ஐந்து பன்னிரண்டு. அண்ணாச்சி ஆன்டெனாவை வடக்கே தூத்துக்குடி வெளிச்சத்திலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே திருச்செந்தூர் பக்கம் வரை பைய நகர்த்தினார். ரிசீவர் இரைந்தது. ஐந்து பதினைந்து. இரைச்சல்தான். ஐந்து இருபத்தைந்து வரை மேடம் குனிந்தபடியே இருந்தார். பிறகு ரிசீவரை அணைத்தார்.

நான் பேசியிருக்கக் கூடாது. "பொதுவாகப் பார்த்தால், முதல் முறை செய்கிற மாணவர் செயற்கைக்கோள்களில் பல..." என்று தொடங்கினேன்.

"சார்," என்றார் மேடம். அவ்வளவுதான் சொன்னார்.

அண்ணாச்சி விடவில்லை. "உம்ம தனியார்காரன் சீட்டுக் காச வாங்கிட்டு நடுக்கடல்ல இறக்கி விட்டுட்டான் வே. அரசாங்க வண்டினா லேட்டா போனாலும் வீடு போய்ச் சேந்துருக்கும்."

"நேத்து உங்க அரசாங்க வண்டி நிக்கவே இல்லையே?"

"நின்னா சேந்துருக்கும்லா!"

மேடம் மடிக்கணினியைப் பைக்குள் வைத்தார். கண்ணைத் துடைத்தாரா, காற்றில் பட்ட உப்பைத் துடைத்தாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருப்பதில் எனக்குப் பயிற்சி போதாது. "நான் ஊருக்குப் போறேன். கமிட்டிக்குக் கடிதம் எழுதணும். கேக்கலங்கிறத நாமளே முதல்ல சொல்லிட்டா மரியாத," என்றார். மறுநாள் ஞாயிறு, சர்ச்சில் அதிகாலை ஆராதனைக்குப் பாடகர் குழுவை நடத்த வேண்டியவரும் அவர்தான். ஆன்டெனாவையும் ரிசீவரையும் வேனில் கொண்டுவரச் சொல்லிவிட்டு எட்டு மணி பஸ்ஸில் போனார். அது அரசு பஸ். நின்றது. அண்ணாச்சி அதைச் சுட்டிக்காட்டக்கூட இல்லை. அப்போதுதான் அவருக்கும் மனசு உடைந்திருப்பது எனக்குத் தெரிந்தது.

பத்து மணி வாக்கில் பதிவேட்டைத் திறந்தேன். வெற்றியோ தோல்வியோ, எழுதி வைப்பது கடமை. "பிப்ரவரி 13, வெள்ளி. விடியலுக்கு முன், மணி 5.12. புன்னக்காயல். அயிரை: மௌனம்" என்று எழுதினேன்.

வெயிலில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்த மரியம்மாள் எட்டிப் பார்த்தார். "இன்னைக்கிக் காலைல நடந்தத ஏன் சார் நேத்துத் தேதியில எழுதுதிய?"

எனக்குப் பிடித்த கேள்வி இது. நாற்காலியை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு விளக்கினேன். நள்ளிரவில் தேதி மாறுவது வெள்ளைக்காரன் வழக்கம். நம் பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயத்தில்தான் பிறக்கிறது. விடியலுக்கு முன் பிறந்த குழந்தைக்கு முந்தின நாள் கிழமைதான் ஜாதகத்தில் எழுதுவோம். என் அப்பா அப்படித்தான் நாட்குறிப்பு எழுதினார். நானும் முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான். உதயத்துக்கு முன் நடந்தது எதுவானாலும் முந்தின தேதியில்தான் என் பேனா எழுதும். "இப்போ பாருங்கம்மா, நாளைக்குப் பதினைந்தாம் தேதி விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஒன்று நடந்தால், நான் அதைப் பதினாலுன்னுதான்..."

அந்த வாக்கியம் முடியவில்லை.

பையிலிருந்து கம்பெனி அட்டவணையை எடுத்தேன். கிரீன்விச் நேரம், பதினான்காம் தேதி இரவு 11.42. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நள்ளிரவு தாண்டி, பதினைந்தாம் தேதி விடியற்காலை 5.12. என் அழகான கையெழுத்தில்: பதினான்கு. விடியலுக்கு முன். அட்டவணையிலும் பதினான்கு என்றே இருந்ததால் மேடத்தின் கண்ணுக்கும் தப்பியது. இன்று காலை நாங்கள் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோது அயிரை உலகத்தின் வேறு ஏதோ பக்கத்தில், எங்களைப் பற்றிய நினைப்பே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். முதலில் மந்தக் காதில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. இப்படியொரு செய்தியை இரண்டு முறை சொல்வது தனித் தண்டனை.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். நின்றார். மறுபடி உட்கார்ந்து சிரித்தார். "எங்க எஞ்சின் கவுண்டவுன்ல ஒரு செகண்டு பெசகுனா, ஏன் எதுக்குன்னு எழுதிக் கொடுக்கணும் வே. நீரு ஒரு நாளையே முழுங்கிட்டு மோர் குடிச்சுக்கிட்டு இருக்கீரு! லே சூசை, இங்கன வா, இவரு என்ன செஞ்சிருக்காருன்னு கேளு!" சூசை வந்தார். பக்கத்து வீட்டிலிருந்தும் இரண்டு பேர் வந்தார்கள்.

மேடத்தைப் போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அரை மணிக்கொருமுறை கூப்பிட்டேன். கமிட்டிக்குக் கடிதம் போய்விட்டால், பிறகு 'தேதி மாறிவிட்டது' என்று யார் சொன்னாலும் சாக்கு என்றுதான் படும். மாலை நாலு மணிக்கு எடுத்தார்.

"கடிதம் அனுப்பியாச்சா மேடம்?"

"அடிச்சு வச்சிருக்கேன் சார். பாட்டுப் பயிற்சி முடிஞ்சு இப்பதான் வந்தேன். அனுப்பப் போறேன்."

"அனுப்பாதிய," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை. அயிரையின் மௌனம் பரவாயில்லை என்று தோன்றியது.

"சார்," என்றார் கடைசியில். "மூணு வருசத்துக்கு முன்னாடி வினாடி வினாவுல எங்க துறைப் பிள்ளைக்கி ராக்கெட் தேதி தப்புன்னு நீங்க மார்க் போடல. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பரிசு போனதற்கு அந்தப் பெண் அழுததும் ஞாபகம் இருந்தது.

"அது விடியக்காலம் கிளம்புன ராக்கெட் சார்."

என் பதிவேட்டில் அதற்கு முந்தின நாள் தேதிதான் இருந்தது. மேடமே தொடர்ந்தார். இனிக் கிளம்பி வந்து சேர முடியாது, காலையில் பாடகர் குழுவை விடவும் முடியாது. நாங்கள் இருவரும் மாடியில் கேட்க வேண்டும், போனை ரிசீவர் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். "நேரத்தை மட்டும் அண்ணாச்சி பாக்கட்டும்," என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

தவறு முன்பக்கமாக விழுந்ததால் பிழைத்தேன். ஒரு நாள் பிந்தி வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. இதை அண்ணாச்சியிடம் ஆறுதலாகச் சொன்னேன். அவர் அப்போது எந்தக் காதைத் திருப்பினார் என்று எழுதத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை

நாலு மணிக்கே எழுந்துவிட்டோம். மாதா கோவில் பூசைக்குக் கிளம்பிய மரியம்மாள் மாடிக்கு வந்து பாலில்லாத கட்டங்காப்பி கொடுத்துவிட்டு, "இன்னைக்கி என்ன தேதி சார்?" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார்.

இந்த முறை ஆன்டெனா என் கையில். அண்ணாச்சி ஒரு கையில் ரிசீவரும் மறுகையில் போனுமாக உட்கார்ந்தார். போனில் மேடம். பின்னால் யாரோ தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் சத்தம். பாடகர் குழு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

ஐந்து பன்னிரண்டு. இரைச்சல்.

ஐந்து பதின்மூன்று. இரைச்சல். சீட்டு, கரும்பலகை, ஒரு மணி நேரப் பேச்சு, பழைய மாணவிகளின் பணம் எல்லாம் என் கையில் அந்த மரக்கட்டையின் எடையாக இருந்தது. தேதி தவறியதால் கேட்கவில்லை என்பது ஒரு நாள் ஆறுதல்தான். தேதி சரியாகவும் இருந்து கேட்காமலும் போனால்? அப்படி ஒன்று உண்டு என்பதை நான் சனிக்கிழமை முழுக்க நினைக்காமல் இருந்திருக்கிறேன்.

"கொஞ்சம் கீழ இறக்கும்," என்றார் அண்ணாச்சி. "வடக்க. இன்னும். கைய ஆட்டாதேயும் வே."

இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று கொசு மாதிரி இருந்தது. நான் சொல்லவில்லை. என் வாய்க்கு அந்த இரண்டு நாளில் நல்ல பெயர் இல்லை.

அண்ணாச்சி ரிசீவரை நல்ல காதில் வைத்தார். பிறகு, நான் கண்ணால் பார்த்தேன், மந்தக் காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கேக்குது வே," என்றார்.

ஐந்து குறில், ஒரு நெடில். ஐந்து குறில், ஒரு நெடில். முதலில் கீச்சென்று இருந்தது. தலைக்கு மேல் வந்து தெற்கே போகப் போக, ஊதிக்கொண்டே ஸ்டேஷனைத் தாண்டுகிற ரயிலின் சத்தம் போலத் தொனி இறங்கியது. ஆன்டெனாவைப் பைய நகர்த்தினேன். அட்டைப்பெட்டி அளவு ஒரு சாமான், மாணவிகளின் விரல்கள் ஒட்டிய கம்பிகளோடு, எங்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. போனில் மேடம் எண்ணிக்கொண்டிருந்தார். "ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு... ம்ம்ம். ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு..." பிறகு எண்ணிக்கை நின்று, அவர் அழுவது கேட்டது. யாரோ "என்னாச்சு மேடம்?" என்று கேட்டதும் கேட்டது.

ஐந்து இருபத்தொன்றுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் அது மறுபடி கொசுவாகி, இரைச்சலில் கரைந்தது. பக்கத்தில் நின்ற சூசை தன் போனில் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தார்.

"தாங்கிட்டுல்லா!" என்றார் அண்ணாச்சி. "எங்க ஆளுக குலுக்குன குலுக்கல்ல தப்பிச்சது எங்கன போனாலும் தப்பிக்கும்."

"சீட்டில் போட்ட நாளில் இறக்கியும் விட்டிருக்கிறார்கள்," என்றேன்.

"விட்டான். இல்லன்னு சொல்லல." இரண்டு வருடத்தில் அவர் தனியாருக்குக் கொடுத்தது அந்த ஒரு வார்த்தைதான். அவர் கண்ணும் ஈரமாக இருந்ததால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "நாளைக்குக் கமிட்டியில வேற ஒண்ணும் பேசப் போறதில்ல. இத மட்டும் போட்டுக் காட்டப் போறேன். அடுத்தத எந்த வண்டியில அனுப்பலாம் சார்?"

"அதை நீங்களே முடிவு செய்யுங்க மேடம். நான் தேதியை மட்டும்..."

"தேதியையும் நாங்களே பாத்துக்கிடுதோம் சார்."

கோவில் மணி அடித்தது. கிழக்கே கடலும் வானமும் இன்னும் பிரியவில்லை. சூரியன் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பதிவேட்டைத் திறந்தேன். முதலில், முந்தின நாள் பக்கத்தில் '13, வெள்ளி' என்பதை அடித்து '14, சனி' ஆக்கினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு வினாடி வினாவுக்காக, ஒரு பெண்ணின் முகவரியை மேடத்திடம் கேட்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு புதிய வரிக்கு வந்தேன். அண்ணாச்சி என் தோளுக்கு மேல் குனிந்து, மூச்சு என் காதில் படுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் அப்பாவின் கணக்கில் அந்த நாள் இன்னும் பிறக்கவில்லை. பதினைந்து என்று எழுதினேன். கை கொஞ்சம் தயங்கியது என்பதையும் பதிவு செய்கிறேன்.